சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களும் தனிமை தேவைப்படும் மனதும்: மலையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோத்தகிரி டீச்சர் | ஏப்ரல் 9, இரவு 10:20

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்து இன்றைக்கு எழுதுகிறேன். நான் பள்ளி ஆசிரியை. கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் வீடு. அவருக்கு டீ பாக்டரியில் வேலை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ஒரு மகன், ஒன்பதாவது படிக்கிறான்.

எனக்கு மனிதர்களைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டு எல்லோரும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் போதும், சரியாகிவிடுவேன். அந்த அரை மணி கிடைக்காத நாளில் ராத்திரி மகனிடம் எரிந்து விழுவேன். சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும்.

பள்ளிக்கூட நாட்கள் எப்படியோ ஓடிவிடும். மே மாதம்தான் பெரும்பாடு. கீழே திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மலையில் இருக்கும் ஒரே வீடு எங்கள் வீடு. வெயில் தாங்காமல் வருகிறார்கள், வரட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன மே மாதம் மொத்தம் 23 நாள் வீட்டில் விருந்தாளிகள். ஒரு குடும்பம் பை தூக்கும்போதே அடுத்த குடும்பம் மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டதாகப் போன் வரும். காலையில் ஒருவர் பின் ஒருவராக வெந்நீர் விளாவுவதில் தொடங்கி, ராத்திரி கம்பளி எடுத்துக் கொடுக்கும்வரை ஓயாத பேச்சு. வேலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எல்லோரும் கை கொடுப்பார்கள். அந்தப் பேச்சுதான் என்னை உருக்கிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் வெங்காயம் எடுத்து வருகிறேன் என்று சாமான் அறைக்குள் போனேன். சின்ன அறை. மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அந்த வெளிச்சம் பூண்டு மூட்டை மேல் விழுந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு நீல நிற அரிசி டிரம் மேல் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருக்கும். ஹாலில் பேசும் சத்தம் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்டது. எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அப்போது நாத்தனார் கதவைத் திறந்துவிட்டாள். கையில் வெங்காயம் இல்லை, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. "அண்ணி, நாங்க வந்தது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். இல்லை இல்லை, தலைவலி என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனார்கள்.

இந்த வருடமும் வருகிறார்கள். அவள் மனம் மறுபடி நோகக்கூடாது, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நானும் சக்கையாக நிற்கக்கூடாது. என்னைப் போன்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

குன்னூர் குளிர் | ஏப்ரல் 9, இரவு 11:05

டீச்சர், அப்படியே என் கதை. எனக்குக் குன்னூரில் தேயிலை ஏலத்தோடு தொடர்புள்ள ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. ஏல நாட்களில் போன் காதைவிட்டு இறங்காது. நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பேன். இருபது நிமிட ஏற்றம். இந்த ஊரில் தெருவில் போகிற ஒவ்வொருவரும் "எங்க, இந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அதனால் கடைவீதி வழியைத் தவிர்த்து, டீத்தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் போவேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மனைவியிடம் பேச ஆசையோடு போவேன். முன்பெல்லாம் நேராக வீட்டுக்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பழைய ஊட்டிக்காரர் | ஏப்ரல் 10, காலை 6:50

கோபித்துக்கொள்ள வேண்டாம் அம்மா. எனக்கு 68 வயது. பிங்கர்போஸ்ட் பக்கம் வீடு. எங்கள் வீட்டில் சீசனுக்குப் பதினைந்து பேர்கூடத் தங்கியிருக்கிறார்கள், ஹாலில் வரிசையாகப் படுப்பார்கள். என் மனைவி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். சொந்தம் வருவது நாம் செய்த புண்ணியம். நாளைக்கு வராமல் போனால் ஏங்குவீர்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டால் பழகிவிடும்.

கூடலூர் மழை | ஏப்ரல் 10, மதியம் 1:30

பழைய ஊட்டிக்காரர் ஐயா அனுபவத்தில் சொல்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் "பழகிவிடும்" என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் உளவியல் படித்தவன். கூடலூரில் இளைஞர்களோடு வேலை. எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்ட்ரோவெர்ட், எக்ஸ்ட்ரோவெர்ட் என்ற சொற்களைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921இல் எழுதினார். ஒருவருடைய மனம் வெளியே மனிதர்கள், நிகழ்ச்சிகள் பக்கம் ஓடுகிறதா (எக்ஸ்ட்ரோவெர்ட்), உள்ளே தன் எண்ணங்கள் பக்கம் ஓடுகிறதா (இன்ட்ரோவெர்ட்) என்பதுதான் அவர் பார்த்த வித்தியாசம். 1967இல் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் மூளையைக் கொண்டு விளக்கப் பார்த்தார். இன்ட்ரோவெர்ட்டின் மூளை சும்மா இருக்கும்போதே கூடுதல் விழிப்பில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் கூட்டமே போதுமானதாகிவிடுகிறது என்றார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதை முழுதாக ஏற்கவில்லை. கூட்டம், பேச்சு, புது ஆட்கள் இவற்றிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கும் உற்சாகத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது என்ற பக்கமாகத்தான் இன்றைய பேச்சு போகிறது. இதில் கூச்சமும் பயமும் சேராது. கூச்சப்படுகிறவருக்குப் பேச ஆசை இருக்கும், தயக்கம் தடுக்கும். டீச்சர் நாற்பது பிள்ளைகள் முன்னால் தயங்காமல் நிற்கிறார், அவருக்குக் கூச்சம் கிடையாது.

உங்களுக்கு நேராகப் பயன்படும் விஷயம் இனிமேல்தான். 2017இல் பின்லாந்தைச் சேர்ந்த லெய்காஸ், இல்மரினென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களை அன்றாட வாழ்க்கையில் ஒரு நாளில் பல தடவை கேட்டுப் பதிவு செய்தார்கள்: இப்போது எப்படி நடந்துகொள்கிறீர்கள், எப்படி இருக்கிறது? கலகலப்பாகப் பேசிப் பழகும் நேரத்தில் எல்லோருக்குமே மனம் நன்றாக இருந்தது. சுமார் மூன்று மணி நேரம் கழித்து அசதி வந்தது. அதுவும் இன்ட்ரோவெர்ட், எக்ஸ்ட்ரோவெர்ட் இருவருக்குமே வந்தது.

இதை டீச்சர் கதையோடு வைத்துப் பாருங்கள். ராத்திரி மகனிடம் எரிந்து விழுகிறார். அவன் என்ன செய்தான் என்று தேடினால் ஒன்றும் இருக்காது. அது மத்தியானத்துக் கணக்கு. பேசிக்கொண்டிருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறோம், அதனால் எழுந்து போகத் தோன்றாது. எழுந்து போகத் தோன்றும்போது நேரம் கடந்திருக்கும். எனவே களைப்பு தெரிந்த பிறகு ஓய்வு எடுக்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். பசிக்கும் முன்னாலேயே பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோமே, அந்த மாதிரி.

"மனதைத் திடப்படுத்திக்கொண்டு" கலகலப்பாக இருந்து பார்த்த ஆய்வும் உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2019இல் வெளியிட்டது. ஒரு வாரம் முழுக்க எக்ஸ்ட்ரோவெர்ட் போல நடந்துகொள்ளச் சொன்னார்கள். பொதுவாகப் பலருக்கு உற்சாகம் கூடியது. ஆனால் இயல்பிலேயே ரொம்ப அமைதியானவர்களுக்கு அந்தப் பலன் அவ்வளவாக இல்லை. அசதியும், தாங்கள் தாங்களாக இல்லை என்ற உணர்வும்தான் கூடியது.

இன்னொன்று. கனடாவில் பிரையன் லிட்டில் என்று ஒரு உளவியல் பேராசிரியர் உண்டு. மேடையில் ஏறினால் சபையையே கட்டிப்போடுவார், இயல்பில் ஆழ்ந்த இன்ட்ரோவெர்ட். ராணுவக் கல்லூரி ஒன்றில் பேசப் போனபோது, சொற்பொழிவு முடிந்ததும் கழிவறைக்குள் போய் ஒளிந்துகொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். நமக்குப் பிரியமானவர்களுக்காகவும் தொழிலுக்காகவும் நம் இயல்பை மீறி நடக்க முடியும், நடக்கவும் வேண்டும், ஆனால் அப்புறம் திரும்பி வர ஒரு இடம் வேண்டும் என்பது அவர் கருத்து. டீச்சர், உங்கள் அரிசி டிரம் அந்த இடம்தான். அதில் உட்கார்ந்ததற்காக நீங்கள் வெட்கப்படவே வேண்டாம்.

கோத்தகிரி டீச்சர் | ஏப்ரல் 10, இரவு 9:15

கூடலூர் தம்பி, மூன்று மணி நேரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன வருடம் நடந்த ஒவ்வொரு சண்டையையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாம் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு. மத்தியானச் சாப்பாட்டுப் பந்தி முடிந்து, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது நாலரை ஐந்து மணிவரை போகும். அந்த நேரத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊட்டி ஐயா, உங்கள் மேல் கோபமில்லை. சொந்தம் வராமல் போனால் ஏங்குவேன் என்பது உண்மை. அந்தப் பயத்தில்தான் எழுதவே வந்தேன்.

பூம்பாறைப் பூண்டு | ஏப்ரல் 11, காலை 11:40

பழனி மலைப் பக்கமிருந்து ஒரு குரல். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை போகும் வழியில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். நானும் பேச்சைக் குறைவாக வைத்துக்கொள்ளும் ஆள்தான். இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தாய் என்று என் மச்சானே கேட்பான்.

காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளியோடு இருப்பது எனக்குச் சுலபம். அவர்கள் என்றைக்கு வருவார்கள், என்றைக்குப் போவார்கள் என்று தெரியும். காலைச் சாப்பாடு எட்டு மணி முதல் ஒன்பதரைவரை, அந்த நேரத்தில் மனதோடு பேசுவேன். அவர்கள் ஏரியைச் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். கரையோரம் சுற்றி வரவே ஐந்து கிலோமீட்டர். அதற்குமேல் சைக்கிள், குதிரை, மக்காச்சோளம் என்று சாயங்காலம் ஆகிவிடும். சொந்தக்காரர் வந்தால்தான் எனக்கும் திண்டாட்டம், ஏனென்றால் அங்கே முடிவு தெரியாது. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம்" என்றால் அது இரண்டா, எட்டா என்று யாருக்கும் தெரியாது. கடைசி நாள் எது என்று தெரிந்தால் எட்டு நாள்கூட இருந்துவிடலாம். தெரியாவிட்டால் இரண்டாம் நாளே தளர்ந்துவிடுகிறேன்.

கேட்கவும் முடியாது. "எப்பப் போறீங்க?" என்று எந்த நாக்கால் கேட்பது? எனக்கு வழி காட்டியது இ-பாஸ். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. அதில் வரும் தேதி, தங்கும் நாட்கள் எல்லாம் போட வேண்டும். இப்போது சொந்தக்காரர் யார் போன் செய்தாலும் நானே சொல்லிவிடுகிறேன்: "மாமா, இ-பாஸ் நான் போட்டுடறேன், வண்டி நம்பரும் தேதியும் மட்டும் சொல்லுங்க. வர்றது எந்தத் தேதி, இறங்கறது எந்தத் தேதி?" உபகாரமாகவும் இருக்கிறது, எனக்குத் தேதியும் கிடைத்துவிடுகிறது. யாரும் ஒரு நாளும் தப்பாக நினைக்கவில்லை. டீச்சர், இதை அவசியம் செய்து பாருங்கள்.

ஹட்டிப் பெண் | ஏப்ரல் 11, இரவு 8:00

நான் படுகர். கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். எங்கள் வீடுகள் சுவரோடு சுவராக வரிசையாக இருக்கும், முன்னால் ஒரே முற்றம். தனியாக இருப்பது என்றால் எங்கள் பாட்டிக்குப் புரியவே புரியாது. ஊரில் ஒரு சாவு என்றால் எத்தனையோ ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள், யாரும் அழைக்க வேண்டியதில்லை. நானும் டீச்சர் மாதிரிதான், பேச்சு கூடினால் தலை கனத்துவிடும்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எங்கள் தெய்வம் ஹெத்தையம்மனுக்கு எடுக்கும் ஹெத்தை ஹப்பா திருவிழா சமயத்தில் பேரகணியில் ஆயிரக்கணக்கான பேர் வெள்ளை உடுத்தி நிற்போம். அந்தக் கூட்டத்தில் எனக்குக் களைப்பே வந்ததில்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை, நானும் யாரையும் சிரிக்க வைக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறோம். பச்சைத் தேயிலை பறிக்கப் போகும்போதும் அப்படித்தான். ஆளுக்கொரு வரிசை, கைக்கு வேலை, யாருக்காவது தோன்றினால் ஒரு வார்த்தை, மறுபடி இலை ஒடிக்கும் சத்தம் மட்டும். ஆறு பேரோடு நாள் முழுக்க இருந்துவிட்டு நல்ல மனதோடு வீட்டுக்கு வருவேன். அதே ஆறு பேர் வீட்டுக்கு வந்து, நான் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் முடியாது.

டீச்சர், வருகிறவர்களோடு எதிரெதிரே உட்காருவதைக் குறைத்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள். அவரைக்காய் உரியுங்கள். லாங்வுட் சோலைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போங்கள், சோலைக்குள் போனால் பேசுகிறவர்களும் தானாகக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

ஊட்டி ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பாட்டி காலத்தில் பெண்களுக்குத் தனிமை இல்லாமல் இல்லை. விறகு பொறுக்கப் போவார், தண்ணீர் எடுக்கப் போவார், மாட்டைத் தேடிப் போவார். வீட்டுக்குள் கியாஸும் குழாயும் வந்தது, அந்த வழிகள் அடைந்துவிட்டன. வந்த வசதி நல்லதுதான். கூடவே போனது என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

பனியன் ஊர் | ஏப்ரல் 12, காலை 7:30

நான் திருப்பூர். வருடா வருடம் மேலே வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் அண்ணன் வீடு குன்னூரில். படிக்கப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் டீச்சரின் நாத்தனார் நின்ற இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

எங்கள் பக்கமும் கேளுங்கள். மே மாதம் இங்கே தார் ரோடு கொதிக்கிறது, மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் அந்தக் காற்றுக்கு வருகிறோம். நீங்கள் எங்களோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று எங்களுக்கு இல்லவே இல்லை. நீங்கள் உட்காருகிறீர்கள், அதனால் மரியாதைக்கு நாங்களும் உட்காருகிறோம். எழுந்து போய்ப் படுத்தால் "அண்ணி தனியா வேலை செய்யறாங்க, இவ படுத்துட்டா" என்று ஆகிவிடுமோ என்ற பயம் எங்களுக்கும் உண்டு. என் அண்ணி ஒரு நாள், "எனக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கணும், நீயும் படு, நாலு மணிக்கு டீ போடலாம்" என்று சொன்னாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி! அந்த வீட்டில் அதற்கு அப்புறம்தான் நான் விருந்தாளி மாதிரி இல்லாமல் வீட்டு ஆள் மாதிரி இருந்தேன்.

மறைந்து உட்கார்ந்தால்தான் எங்களுக்கு வலிக்கும். சொல்லிவிட்டுப் போனால் வலிக்காது.

குன்னூர் குளிர் | ஏப்ரல் 12, காலை 9:10

இந்தத் திருப்பூர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு மேலே எழுதியவை எல்லாம் படியுங்கள், வேறு மாதிரி தெரிகிறது.

சின்ன யோசனை ஒன்று டீச்சருக்கு. ஒரு நாள் முழுக்க விருந்தாளிகளை வீட்டுக்காரரோடு ரயிலில் அனுப்பிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறினால் 46 கிலோமீட்டர், டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. குன்னூரிலிருந்து ஊட்டிவரை மட்டும் போகும் வண்டிகள் இருக்கின்றன, 19 கிலோமீட்டர். காலையில் பஸ்ஸில் குன்னூர், அங்கிருந்து ரயிலில் ஊட்டி, தாவரவியல் பூங்கா, சாயங்காலம் நேராகக் கோத்தகிரி பஸ். உங்களுக்கு எட்டு மணி நேரம் வீடு அமைதி. நீங்களும் வர வேண்டும் என்று இழுப்பார்கள். "நான் இந்த ஊர்க்காரி, எனக்குப் பார்த்ததுதானே, நீங்க வர்றதுக்குள்ள சமைச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்றும் சமைக்காதீர்கள், ஒரு ரசமும் அப்பளமும் போதும்.

பெயர் வேண்டாம் | ஏப்ரல் 13, இரவு 1:45

நான் கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம். எல்லோரும் தனியாக இருந்தால் சரியாகிவிடும் என்கிறீர்கள். நான் தனியாகத்தான் இருக்கிறேன். காப்பித் தோட்டத்து வீடு, பக்கத்தில் யாரும் இல்லை. மூன்று மாதமாக யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தனியாக இருந்தும் ஒன்றும் சரியாகவில்லை. முன்பு புத்தகம் படிப்பேன், இப்போது அதுவும் பிடிக்கவில்லை. நானும் இன்ட்ரோவெர்ட் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூடலூர் மழை | ஏப்ரல் 13, காலை 6:15

இதை எழுதியதற்கு நன்றி. எழுந்ததும் முதலில் உங்களுக்குத்தான் பதில். தனிமைக்குப் பிறகு மனம் லேசானால் அது இயல்பு. தனியாக இருந்தும் லேசாகவில்லை, பிடித்த விஷயமும் பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது, குணமும் ஆகும். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலச் சேவை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்களுக்குத் தனிச் செய்தியும் அனுப்பியிருக்கிறேன். பேசத் தோன்றாவிட்டால் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்புங்கள், நான் புரிந்துகொள்வேன்.

பெயர் வேண்டாம் | ஏப்ரல் 14, மாலை 5:20

அழைத்தேன். பேசினேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வத்தலக்குண்டு இறங்குகிறேன்.

பூம்பாறைப் பூண்டு | ஏப்ரல் 14, மாலை 5:50

நான் வியாழன் வண்டி எடுத்துக்கொண்டு கீழே போகிறேன். பெருமாள்மலையில் ஏற்றிக்கொள்கிறேன். வழியில் பேச வேண்டியதில்லை.

கோத்தகிரி டீச்சர் | ஏப்ரல் 14, இரவு 9:30

புத்தாண்டு அதுவுமாக இந்த இரண்டு பதிலையும் படித்தேன். வேறென்ன வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு தயக்கம். திருப்பூர் சகோதரி சொன்ன மாதிரி நாத்தனாரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? இன்ட்ரோவெர்ட் என்று சொன்னால் டீச்சர் பாடம் எடுக்கிறாள் என்று நினைப்பாள்.

பனியன் ஊர் | ஏப்ரல் 15, காலை 7:00

அந்த வார்த்தையே வேண்டாம். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பேசிட்டே இருந்தா தலை சுத்தும், கொஞ்ச நேரம் சும்மா உக்காந்தா சரியாயிடும், உன் மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லுங்கள். அவர்கள் வருவதற்கு முன்னால், போனிலேயே சொல்லுங்கள். வந்த பிறகு சொன்னால் வேறு அர்த்தம் ஆகிவிடும்.

கோத்தகிரி டீச்சர் | ஜூன் 8, இரவு 8:45

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி திறந்தாகிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

இ-பாஸ் யோசனை அப்படியே வேலை செய்தது. மூன்று குடும்பம், மொத்தம் 17 நாள், நடுவில் இரண்டு இடைவெளி. தேதி முன்னாலேயே தெரிந்ததால் மாமியாரிடம் சொல்லி அந்த இடைவெளியில் யாரையும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டேன். மே மாதத் தொடக்கத்தில் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும்போது ஒரு குடும்பம், ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு ஒரு குடும்பம் என்று வந்ததால் அவர்களுக்கும் பார்க்க ஏதாவது இருந்தது. ரயிலுக்கும் ஒரு நாள் போனார்கள். ரசமும் அப்பளமும்தான் வைத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்றுவரை எனக்கு. களைப்பு இருக்கிறதோ இல்லையோ, எழுந்து போனேன். இதுதான் கஷ்டமாக இருந்தது. பேச்சு சுவாரசியமாக ஓடும்போது, எல்லோரும் "இருங்க அண்ணி" என்னும்போது எழுந்து போவது மனதுக்குச் சிரமம். முதல் மூன்று நாள் போய் உட்கார்ந்து, அங்கே என்ன பேசுகிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள்தான் ஓய்வு ஓய்வாக இருந்தது. மாமியார் யாராவது கேட்டால், "அவ கொஞ்சம் கண்ணசரட்டும்" என்பார். அவருக்கு நான் எதையும் விளக்கவில்லை. எரிந்து விழுந்தது 17 நாளில் ஒரு தடவை. அதுவும் கியாஸ் தீர்ந்த நாள்.

நாத்தனாரிடம் போனில் சொன்னேன், திருப்பூர் சகோதரி கொடுத்த வார்த்தைகளையே ஏறக்குறைய சொன்னேன். "சரிங்க அண்ணி" என்றாள். குரலில் ஒட்டவில்லை. வந்த பிறகும் கொஞ்சம் விலகியே இருந்தாள்.

அவர்களுக்கு ஒரே பெண், ஏழாவது போகிறாள். "இவ வாயே திறக்க மாட்டா, எப்படித்தான் பொழைக்கப் போறாளோ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளை இன்னும் சுருங்கிப் போயிருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு மணிக்கு நான் சாமான் அறைக்குப் போனால், அரிசி டிரம் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் பதறி இறங்கப் போனாள். "அத்தை, நான் சும்மாதான்..." என்றாள். இரு கண்ணு என்று சொல்லிவிட்டு, பூண்டு மூட்டையைத் தள்ளிப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள், நானும் ஒன்று எடுத்தேன்.

நாத்தனார் கதவைத் திறந்தாள். போன வருடம் மாதிரியே. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல், சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "இவளுக்கும் அப்படித்தானா அண்ணி?" என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். "நான்தான் திட்டிக்கிட்டே இருக்கேன்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் மீதிப் பாத்திரத்தைக் கழுவினோம்.

ஹட்டிப் பெண் | ஜூன் 8, இரவு 9:10

டீச்சர், கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளையை வருடா வருடம் வரச் சொல்லுங்கள்.

பழைய ஊட்டிக்காரர் | ஜூன் 11, காலை 6:40

ஏப்ரலில் எழுதியதற்குப் பிறகு நான் இங்கே வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். விறகு பொறுக்கப் போனதைப் பற்றி அந்தப் பெண் எழுதியது மனதில் நின்றுவிட்டது. போன வாரம் என் மனைவியிடம் கேட்டேன். 41 வருடத்தில் கேட்காததைக் கேட்டேன். "சீசனுக்கு அத்தனை பேர் வருவாங்களே, உனக்குச் சலிப்பா இருக்காதா?" என்றேன். "இருக்கும்" என்றாள். "அப்ப என்ன பண்ணுவே?" என்றேன். துணி காயப்போடப் பின்பக்கம் போவேன், காய்ஞ்ச துணியையே திரும்ப நனைச்சுக் காயப்போட்ட நாளும் உண்டு என்றாள்.

மழை பெய்கிற நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

பின்பக்கக் கொடிக்கு மேல் ஒரு தகரக் கூரையும், கீழே ஒரு திண்ணையும் போட ஆள் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறான். மழை பலமாவதற்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.